முன்கண்ணாடி பூட்டும் கைவேலையை எங்கள் பிள்ளைகள் பழக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. வொக்ஸ்வேகன் கார்மன் கியா, இரண்டு கதவு, 1967ஆம் ஆண்டு வண்டி. அப்பா அதை 1971இல் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கி, பதுளை வீதியால் செங்கலடிக்கு இறங்கித் தானே ஓட்டி வந்தார். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கராஜ் கூரை பறந்து, பக்கத்துத் தென்னை ஒன்றரை அடி தள்ளி விழுந்தபோதும் அதன் முன்கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. அந்தக் கண்ணாடியைத்தான் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிப்பர் கிளப்பிய சல்லிக்கல் உடைத்துவிட்டது. பழைய ரெம்பர்ட் கண்ணாடி. ஒரு நொடியில் முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மணிமணியாக என் மடியில் கொட்டியது. கண்ணுக்கு ஒன்றும் ஆகாதது கடவுள் செயல்.

இந்த வண்டியின் அடிச்சட்டமும் பின்னால் இருக்கும் எஞ்சினும் ஆமைக் கார் என்கிற வொக்ஸ்வேகன் பீட்டிலின் இனம்தான். உடல் வேறு. இத்தாலியின் துரின் நகரத்துக் கியா நிறுவனம் வரைந்து கொடுக்க, ஜேர்மனியில் ஒஸ்னாப்ரூக்கில் இருந்த கார்மன் தொழிற்சாலை 1955 முதல் 1974 வரை செய்தது. தகடுகளை முனைக்கு முனை ஒட்டி, கையால் உருவம் கொடுத்து, மட்டமாக்கிச் செய்த உடல். அதனால் அவசரக்காரனுக்கு இந்த வண்டியில் வேலையில்லை.

புதுக் கண்ணாடியும் றப்பரும் கொழும்பில் எடுத்தேன். வெளியூர்க் கடை ஒன்றில் பூட்டக் கொடுத்தேன். மத்தியானம் விட்டுப் பின்னேரம் எடுக்கலாம் என்றார்கள். அந்த ஒரு பின்னேரத்தின் விலையை நான் இரண்டு மாரிக்குக் கட்டினேன்.

நடந்ததை விளங்கப்படுத்த, அந்த றப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய கார்களின் முன்கண்ணாடியைப் பசையால் ஒட்டுகிறார்கள். பழைய வண்டியில் பசை கிடையாது, றப்பர்தான் எல்லாம். அதில் மூன்று சால்கள் ஓடும். ஒன்று கண்ணாடியைக் கவ்வும். இன்னொன்று வண்டியின் விளிம்புத் தகட்டைக் கவ்வும். மூன்றாவது வெளிப்பக்கம், மினுங்குகிற அலுமினியப் பட்டிக்கு. பட்டிக்குச் சால் இல்லாத றப்பரும் சந்தையில் உண்டு. எனக்கு முதலில் வந்தது அதுதான், திருப்பி அனுப்பி மாற்றினேன். இந்த வகை வண்டியில் பட்டியை றப்பருக்குள் முதலே செருகிவிட்டுத்தான் கண்ணாடியை வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி இடத்தில் இறுகிய பிறகு றப்பரின் வாய் இறுகிவிடும், பட்டி உள்ளே போகாது.

அந்தக் கடையில் கண்ணாடியை முதலில் பூட்டிவிட்டார்கள். பிறகு ஸ்குரூட்ரைவரால் நெம்பி நெம்பிப் பட்டியைத் திணித்திருக்கிறார்கள். அலுமினியம் ஒருமுறை மடிந்தால் அந்தத் தழும்பு போகாது. மூன்று இடத்தில் மடிந்திருந்தது. மிச்சத்தைச் சிலிக்கன் பூசி ஒட்டி, துடைத்து, பளபளவென்று தந்தார்கள். நானும் காசைக் கொடுத்து எடுத்துவந்தேன். இரண்டு கிழமையில் இடது கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு மேலே ஏறியது. இது லெமினேற்றட் கண்ணாடி: இரண்டு தகடு, நடுவில் ஒரு பிளாஸ்ரிக் படலம். கல் பட்டாலும் சிதறாது. ஆனால் அதன் ஓரத்தில் நெருக்கம் கொடுத்தால் தாங்காது, ஓரத்திலிருந்துதான் வெடிக்கும்.

மாரி பிடித்ததும் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர். சிலிக்கன் தண்ணீரை வெளியே மறிக்கவில்லை, உள்ளே போனதை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஊரில் இரும்பின் பாடு எல்லாருக்கும் தெரியும். அடுத்த மாரியும் கழிந்து சிலிக்கனைச் சுரண்டிப் பார்த்தபோது விளிம்புத் தகட்டில் என் சின்னவிரல் போகிற ஓட்டை. அப்பா ஐம்பது வருடம் கறள் படவிடாமல் காத்த தகடு அது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் காத்தான்குடியில் ஒரு நானாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எழுபது கடந்தவர். வாலிபத்தில் பஸ் கண்ணாடி பூட்டியவர். வண்டியைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "முதல்ல தகட்டச் சரி பண்ணுங்க தம்பி, பூசின மை நல்லாக் காயட்டும், பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துப் போய்விட்டார். டிங்கர் வேலை, கறள் தடுக்கும் பூச்சு, மேல் மை எல்லாம் முடியப் பங்குனி ஆகிவிட்டது.

வந்த நாள் காலையில் அவர் புது றப்பரை எடுத்து முற்றத்து வெயிலில் ஒரு பாயில் போட்டார். சூட்டில் இளகினால்தான் மூலைக்குச் சொன்னபடி வளையும் என்றார். பழைய சாரன் துணி விரித்த மேசையில் புதுக் கண்ணாடியைக் கிடத்தி றப்பரை ஓரத்தில் சுற்றினார். அடுத்தது பட்டி. மரத்தில் தானே சீவிய தட்டையான குச்சி ஒன்றால் றப்பரின் வாயைத் திறந்து திறந்து, சவர்க்காரத் தண்ணி தொட்டு, பட்டியை விரல் விரலாக உள்ளே இறக்கினார். எண்ணெயோ கிரீஸோ தொடவே இல்லை, அது றப்பரைத் தின்றுவிடுமாம். அந்தப் பட்டி வேலைக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம். பட்டியின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மூடித்துண்டைப் போட்டுவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிள்ளையின் தலையைத் தடவுவது மாதிரி இருந்தது.

பிறகு நைலோன் கயிறு. தகட்டைக் கவ்வும் சாலுக்குள் அதைச் சுற்றி ஓடவிட்டு, இரண்டு முனையும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்ளே தொங்கும்படி விட்டார். கண்ணாடியைத் தூக்கி வைத்ததும் நான் வண்டிக்குள், அவர் வெளியே. நான் கயிற்றை இழுக்க இழுக்க றப்பரின் உள் உதடு தகட்டைத் தாண்டி ஏறிவரும். அதே இடத்தில் வெளியிலிருந்து அவர் உள்ளங்கையால் தட்டித் தள்ளுவார். "நேர இழுங்க, சரிச்சு இழுத்தா உதடு கிழிஞ்சிரும்." கீழ் நடுவில் தொடங்கி மூலைகள், பிறகு இரண்டு பக்கமும், கடைசியாக மேல். ஒரு மூலையில் கயிறு இறுகி நின்றபோது என்னை இழுக்கவிடாமல் நிறுத்திப் பின்னுக்கு வந்து மறுபடி தொடங்கினார். கடைசி அங்குலம் ஏறியபோது 'தொப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அமுக்கம் இல்லாமல் குழாய்த் தண்ணி பிடித்து, உள்ளே பழைய பேப்பர் விரித்துப் பார்த்தோம். பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. இந்த மாரி முழுக்க வண்டி காய்ந்தே இருந்தது.

ஒருவனுடைய பழைய காருக்கு இவ்வளவு பேச்சா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். றப்பரில் பூட்டிய கண்ணாடி எங்கள் வீதிகளில் இன்னும் ஓடுகிறது: பழைய பஸ்கள், லொறிகள், மொரிஸ் மைனர்கள், ஆமைக் கார்கள். பிழையாகப் பூட்டிய பஸ் கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது பேர் இருக்கிறார்கள். நானாவிடம் வேலை பழக ஆள் இல்லை. அவருடைய மகன்மார் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்து கராஜ்கள் நான்கில் கேட்டேன், கயிறு போட்டுப் பூட்டத் தெரிந்த இளையவர் ஒருவரும் இல்லை.

ஆகவே மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியையும் தொழிற்பயிற்சி அதிகார சபையையும் கேட்டுக்கொள்கிறேன்: வாகனத் தொழில் பயிலும் மாணவர்களுக்கு இந்த வேலையை இரண்டு நாள் செய்முறையாகவாவது வையுங்கள். இப்படியான மூத்தவர்களைக் கூப்பிட்டு, நாட்கூலி கொடுத்து, பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பழக்கச் சொல்லுங்கள். அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ என்கிற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நானாவிடம் ஐம்பது வருட வேலை இருக்கிறது, ஒரு கடதாசி இல்லை. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் அந்த வழியை யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

வெடித்த கண்ணாடியும் கழற்றிய றப்பரும் மடிந்த பட்டியும் எங்கள் கராஜில் பத்திரமாக இருக்கின்றன. பழகுவதற்கு அவை போதும். கேட்கும் நிறுவனத்துக்கு நானே கொண்டுவந்து இறக்கித் தருவேன், கயிறும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசனத் திணைக்கள ஊழியர்,
அரசடி, மட்டக்களப்பு.