கோயம்புத்தூருக்குக் கிளம்பும் முன்

மதுரை
வியாழன் இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் குரல்பதிவு வந்தது. ஏழு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் அச்சு மிஷின்தான் பேசுகிறது. மிச்சத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: உன் மகளுக்கு, என் மருமகளுக்கு, கோயம்புத்தூரில் சீட் உறுதியாகிவிட்டது. திங்கட்கிழமை முதலாண்டு தொடக்க விழா. பெற்றோர் கட்டாயம் வரவேண்டும் என்று கல்லூரியிலிருந்து செய்தி. காலண்டர் சீசனில் மிஷினை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறோம், மச்சினனை அனுப்பினால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் "இரு, பிளேட் வந்திருச்சு" என்று பாதியில் ஓடிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீயே போ. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ. மேடையைப் பார்க்கப் போகவேண்டாம். மேடையில் ஒன்றும் இல்லை, அதை ஏற்பாடு செய்கிறவன் நான், எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் மூன்று வருஷமாக இந்த 'இண்டக்‌ஷன்' பொறுப்பு என் தலையில்தான். இயற்பியல் வாத்தியாருக்கு லேப் இல்லாத நேரமெல்லாம் சும்மா இருக்கும் நேரம் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள்.

எங்கேயும் ஒரே மாதிரிதான் நடக்கும். பத்து மணி என்று போட்டிருப்பார்கள், பத்தேமுக்காலுக்குக் குத்துவிளக்கு. பொன்னாடை போட்டு முடிக்கவே அரை மணி நேரம். பிறகு திரையை இறக்கி, வேலை வாங்கிய சீனியர்களின் படங்கள், கீழே எத்தனை லட்சம் பேக்கேஜ் என்று. இந்த வருஷம் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அப்பா என் சட்டையைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், அந்த ஆறு லட்சம்ங்கிறது மாசத்துக்கா, வருசத்துக்கா?" வருஷத்துக்கு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்தவர். அன்றைக்கு முழுக்க அவருக்கு ஒழுங்காகப் பதில் கிடைத்த கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. காகிதத்தில் இந்தத் திட்டம் நல்ல திட்டம். 2017இல் ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, கொண்டுவந்தது. இன்ஜினியரிங்கில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மூன்று வாரம் பாடமே கூடாது. விளையாட்டு, பாட்டு, படம் வரைதல், ஊரைச் சுற்றிப் பார்த்தல், மனித விழுமியங்கள் என்று உட்கார்ந்து பேசுதல். இருபது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் வழிகாட்டி. ஐஐடி காந்திநகரிலும் பனாரஸ் ஐஐடியிலும் முதலில் செய்து பார்த்துவிட்டுத்தான் எல்லாருக்கும் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிய கொதிகலனில் வைத்த மாதிரி இருந்த பிள்ளை கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் பாடத்தைத் தொடங்கலாம் என்பதுதான் யோசனை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இது இரண்டு வாரமாக இருந்தது. நடைமுறையில் கவுன்சிலிங் முடியவே நாளாகிவிடுகிறது. செமஸ்டர் தேதியோ நகராது. உடனே ஒவ்வொரு துறைத்தலைவரும் வந்து "சார், எனக்கு ரெண்டு நாள் குடுங்க, சிலபஸ் முடியாது" என்று பிய்த்துக்கொண்டு போவார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சுவது ஏழெட்டு நாள்.

அந்த ஏழெட்டு நாளில்தான் சிலது நடக்கிறது. ஒன்றைச் சொல்கிறேன்.

முதல் வருஷம் எல்லாரையும் போல நானும் 'செல்ஃப் இண்ட்ரொடக்‌ஷன்' வைத்தேன். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து "ஐ ஆம் ஹெயிலிங் ஃப்ரம்" என்று ஆரம்பிக்கும். அந்தச் சொல்லை யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் பெயரைச் சொல்வதற்குள் வேர்த்துப்போய் உட்கார்ந்துவிடும். முதல் நாளே 'நமக்கு வராது' என்று எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. மறுவருஷம் அதைத் தூக்கிவிட்டேன். உன் ஊரில் நடக்கும் ஒரு வேலையைச் சொல்லு, எந்தப் பாஷையிலும் சொல்லு, சாக்பீஸ் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றேன்.

போன வாரம் ஒரு பெண் எழுந்தாள். தூத்துக்குடிப் பக்கம், அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை. நாலு நாளாகக் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். பலகையில் மூன்று கட்டம் போட்டாள். "கடல்தண்ணி மொதல்ல இதுல நிக்கும், அப்ப மூணு டிகிரி இருக்கும். வெயில்ல வத்த வத்த அடுத்ததுக்கு விடுவோம். இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் உப்பு பூக்கும். அதுக்கு மேல ரொம்ப விட்டுட்டா உப்பு கசந்துரும், அந்தத் தண்ணிய வெளிய விட்றணும்." டிகிரி என்றால் சூடு என்று நினைத்துக்கொண்டு முன்வரிசைப் பையன் ஒருவன் சிரித்தான். அவள் அவனைப் பார்த்து, "சூடு இல்ல, அடர்த்தி. ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், தண்ணில மெதக்க விட்டா அதுல தெரியும்" என்றாள். மாப்ளே, எங்கள் லேப் அலமாரியில் ஹைட்ரோமீட்டர் 22 வருஷமாக இருக்கிறது. அதை நான் கண்ணாடி ஜாடியில் மிதக்கவிட்டிருக்கிறேனே தவிர, ஒரு பாத்தியில் மிதந்து பார்த்ததில்லை. கசப்புக்குக் காரணம் மெக்னீசியம் என்று மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன். மற்றதெல்லாம் அவள் நடத்திய பாடம். சிரித்த பையன் இடைவேளையில் அவளிடம் போய், அயோடின் பாத்தியிலேயே சேருமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். "அது பேக்டரில சேக்குறது" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

ஊர் சுற்றிப் பார்க்க கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். பாதிப் பேர் கட்டடத்தைத்தான் போட்டோ எடுத்தார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

இப்போது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை உன்னிடமும் மருமகளிடமும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்து கேட்பார்கள். ஒவ்வொரு வருஷமும் மாணவரும் பெற்றோரும் தரவேண்டும், யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் போட்ட விதி. சிபிஐ இயக்குநராக இருந்த ராகவன் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு சொன்னதிலிருந்து வந்தது. எங்கள் பதிவு மேஜையில் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எம்மவ யாரையும் ஒரு சொல்லு சொல்லமாட்டா. அவ எதுக்கு இதுல கையெழுத்துப் போடணும்?" கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயம். தாள் முழுக்க இங்கிலீஷ், அவர் பயந்தது தப்பே இல்லை. எல்லாரும் போடுவதுதான், அவளை யாரும் ஒன்றும் செய்யாமல் இருக்கவும்தான் இது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க. அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அதுக்கு இங்க யாரு கையெழுத்துப் போட்டுத் தருவா?" என்றார்.

எனக்கு வாயடைத்துப்போயிற்று. அவருடைய தாளின் ஓரத்தில் என் போன் நம்பரை எழுதிக்கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தோன்றவில்லை.

அன்று ராத்திரி உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வருஷம், பெரியகுளத்துப் பையனிடம் ஒரு தீக்குச்சியைக் கொடுத்து விடுதி வராண்டாவை அளக்கச் சொன்னோமே, ஞாபகம் இருக்கிறதா? குச்சியைக் கொடுத்தது நான், எண்ணிக்கை தப்பு என்று திரும்ப முதலிலிருந்து அளக்கச் சொன்னது நீ. அவனும் சிரித்துக்கொண்டேதான் அளந்தான், அதனால் தமாஷ் என்று நினைத்தோம். அடுத்த வருஷம், 1996 நவம்பர், சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு படித்த நாவரசுவை ராகிங்கில் கொன்ற செய்தி வந்தது. டீக்கடையில் பேப்பரைச் சுற்றி நின்றோம், ஒருவரும் பேசவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன் அவன். அவ்வளவு பெரிய படிப்பாளியாலும் தன் பிள்ளையை விடுதியில் காப்பாற்ற முடியவில்லை. மறுவருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச்சட்டம் வந்தது, இரண்டு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அந்த டீக்கடையிலிருந்து திரும்பி வந்து நீ பெரியகுளத்தான் அறைக்குப் போனாய். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இன்றைக்கு அந்த உறுதிமொழியைக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்குகிறவன் நான்தான். ஒவ்வொரு கட்டையும் கட்டும்போது அந்தத் தீக்குச்சி ஞாபகத்துக்கு வருகிறது.

ஆகையால் திங்கட்கிழமை மேடையில் யார் என்ன பேசினாலும் பேசிவிட்டுப் போகட்டும். சாப்பாடு முடிந்ததும் பாதிப் பெற்றோர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நீ கிளம்பாதே. மருமகளின் வகுப்புக்கு டியூட்டர் யார், இருபது பேர் குழுவுக்கு வழிகாட்டி யார் என்று கேட்டுத் துறைக்கே போய்ப் பார். முகத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் பேசி, நம்பரை வாங்கு. அந்த அம்மாவோ ஐயாவோ நூறு பெற்றோரை அன்றைக்குப் பார்த்திருந்தாலும், தேடி வந்தவர்கள் முகம் எங்களுக்கு மறப்பதில்லை. விடுதிக் காப்பாளர் நம்பரும் வாங்கிவிடு. ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்று ஓர் எண் சுவரில் ஒட்டியிருக்கும், அதை மருமகள் போனில் நீயே பதிந்து கொடு. வேண்டியிருக்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மதிப்பெண் பட்டியலின் அசலைக் கேட்டால் காட்டு, சரிபார்க்கட்டும், கையோடு திரும்ப வாங்கிக்கொள். அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இலேயே யுஜிசி சொல்லிவிட்டது. சிரித்த முகமாகக் கேள், உன் காலண்டர் பாக்கி வசூல் பண்ணுகிற குரலில் கேட்காதே. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது. அதை மட்டும் அவளிடம் ஒரு தடவை சொல். இண்டர்னல், கிரெடிட் எல்லாம் அவளே தெரிந்துகொள்வாள், உனக்கு வேண்டாம்.

இன்னொன்று. உன் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிற அக்காவின் மகள் நர்சிங் சேர்ந்திருப்பதாகச் சொன்னாயே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருந்தாலும் இப்போது உண்டு. கல்லூரி மூலமாகத்தான் பதிவு, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கவேண்டும். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இதையெல்லாம் எங்கள் மேடையில் யாரும் சொல்லவில்லை. குத்துவிளக்குக்கு அரை மணி இருந்தது, இதற்கு ஐந்து நிமிஷம் இல்லை. அதனால் இந்த வருஷம் சாப்பாட்டுப் பந்தி பக்கத்தில் ஒரு மேஜை போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். கை கழுவ வந்தவர்களெல்லாம் ஈரக்கையோடு நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். விடுதி வாசலில் தங்கச்சி அழுதால் அழட்டும். நீ "எதுனா வேணும்னா போன் பண்ணு" என்று பத்துத் தடவை சொல்லாதே. நம்மைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு நம் அப்பாக்கள் என்ன சொன்னார்கள்? எங்க அப்பா டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "மழ வந்தா ஜன்னலச் சாத்து" என்றார். வார்டன் "ஒன்பது மணிக்கு கேட் பூட்டிருவோம்" என்றார். நமக்கு நடந்த இண்டக்‌ஷன் அவ்வளவுதான். உங்க அப்பாதான் முன்யோசனையாக ரெண்டு சாவி உள்ள பூட்டு வாங்கி வந்தவர். ஒன்றை உன்னிடம் கொடுத்துவிட்டு, "தொலச்சிருவான், இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று இன்னொன்றை மடியில் செருகிக்கொண்டு சிவகாசிக்கே கொண்டுபோனார். பதினோராம் நாள் நீ தொலைத்தாய். மெஸ் கல்லைத் தூக்கிவந்து பூட்டை உடைத்தோம். உடைத்த சத்தத்துக்கு வந்த வார்டன் நமக்கு இரண்டாவது இண்டக்‌ஷன் நடத்தினார்.

போன சனிக்கிழமை திண்டுக்கல் போயிருந்தேன். மருமகளுக்கு ஒரு பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கனமான பூட்டு, மூன்று சாவி. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோயம்புத்தூர் பஸ் ஏற ஆரப்பாளையம்தானே வருவீர்கள், நேரத்தைச் சொன்னால் கொண்டுவந்து தருகிறேன். ஒரு சாவி அவளுக்கு. இன்னொன்று கூடத் தங்கும் பிள்ளைக்கு. மூன்றாவதையும் அவள் பெட்டியிலேயே போட்டுவிடு, உன் மடியில் செருகிக்கொண்டு வந்துவிடாதே.

உன்
பழைய அறைக்காரன்