கதவுக்கு இந்தப் பக்கம்

முடிச்சூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடுங்கள். இங்கே எல்லோரும் சுகம். எங்கள் பெண் மது பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள்.

சரி, 'ஐ அம் எ ஹீரோ' என்ற மாங்காவைப் பற்றி, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "இந்த வயசுல ஜாம்பி மாங்காவா? அதுலயும் அந்த ஹீரோ கோழை, சுயநலக்காரன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்கு அவன் பின்னாடி 22 பாகம் போற?" என்று எழுதியிருந்தாய். நாலு நாளாக இதுதான் மனதில் ஓடுகிறது.

மதுதான் ஆரம்பித்துவைத்தாள். அவள் கொடுத்தது 'ஜாம் 100'. ஹாரோ அசோ எழுதி, கோதாரோ தகாதா வரைந்தது, 2018-ல் தொடங்கியது. அகிரா என்ற பையன் மூன்று வருடமாக ஆளைப் பிழிந்தெடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். அந்த மாதிரி நிறுவனங்களை ஜப்பானில் 'கறுப்புக் கம்பெனி' என்றே சொல்கிறார்கள். ஒருநாள் காலையில் ஊர் முழுக்க ஜாம்பி, செத்தும் எழுந்து வந்து மனிதர்களைக் கடிக்கிற பிணங்கள். இனிமேல் ஆபீஸ் போக வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அவன் சந்தோஷத்தில் துள்ளுகிறான். சுற்றிலும் அத்தனை பேர் செத்துக் கிடக்கும்போது ஒருவன் சிரிக்கலாமா என்று எனக்கு உறுத்தியது. ஆனால் பிற்பாடு பழைய மேலதிகாரியை வழியில் பார்த்ததும் அதே அகிரா தலை குனிந்து மறுபடியும் அவருக்கு ஊழியம் செய்யத் தொடங்கிவிடுகிறான். ஜாம்பிகள் வரும் பக்கங்களை எல்லாம்விட என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

ஆனால் நீ கேட்டது 'ஐ அம் எ ஹீரோ' பற்றி. கெங்கோ ஹனசாவா வரைந்தது. 2009 முதல் 2017 வரை ஒரு வார இதழில் வந்தது. ஹிடியோ சுசுகிக்கு 35 வயது. ஒரு தொடர் வரைந்து, அது பாதியில் நின்றுபோய், இப்போது இன்னொரு ஓவியரிடம் உதவியாளன். காதலியின் பழைய காதலன் தன்னைவிடப் பெரிய ஓவியர் என்பதில் அவனுக்குத் தீராத பொருமல். ராத்திரியில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். அவன் பெயரை எழுதும் சீன எழுத்துகள் இரண்டையும் சேர்த்துப் படித்தால் 'வீரன்' என்று அர்த்தம். தலைப்பு அங்கிருந்து வருகிறது.

அவனிடம் ஷாட்கன் என்கிற நீளத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. இதை அமெரிக்கப் படம் பார்க்கிற கண்ணோடு படித்துவிடாதே. ஜப்பானில் 1958-ல் வந்த துப்பாக்கி, வாள் சட்டப்படி சாதாரண ஜனங்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் உள்ள நீளத் துப்பாக்கிக்குக்கூட எழுத்துத் தேர்வு, டாக்டர் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. துப்பாக்கி ஓர் அலமாரியில், தோட்டா வேறிடத்தில், இரண்டுக்கும் பூட்டு. அப்படிப்பட்ட ஊரில் ஜாம்பிகள் வந்தபோது கையில் லைசென்ஸ் துப்பாக்கியோடு நிற்கிற ஆள்தான் எல்லோரையும் காப்பாற்றுவான் என்று நாம் எதிர்பார்ப்போம். இவன் அதை உறையோடு சுமந்துகொண்டு அலைகிறானே தவிர வெகுநேரம் சுடுவதே இல்லை. பொது இடத்தில் எடுத்தால் சட்டவிரோதம், அடுத்தவர் கையில் கொடுத்தால் சட்டவிரோதம் என்கிறான். அரசாங்கமே இல்லாமல் போன பிறகும் லைசென்ஸை நினைத்துப் பயப்படுகிறான்.

அவனைக் கோழை என்று உனக்கு எழுதியபோது நான் அவசரப்பட்டுவிட்டேன். சட்டத்தை மதிப்பதும் பயந்து ஒதுங்குவதும் அவனுக்குள் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கிறது. எது எது என்று அவனுக்கே தெரியாது. ஃபூஜி மலைப் பக்கம் ஒரு ஷாப்பிங் மாலின் மொட்டைமாடியில் தங்கியிருக்கிற கூட்டத்திடம் போய்ச் சேரும்போது இது இன்னும் மோசமாகிறது. அங்கே பலசாலிகள் வைத்ததுதான் சட்டம். பெண்களை அவர்கள் நடத்துகிற விதத்தைப் படிக்கவே முடியவில்லை. ஹிடியோவும் அங்கேதான் இருக்கிறான்.

இதோடு 'ஹைஸ்கூல் ஆஃப் தி டெட்' கதையை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 2006-ல் தொடங்கியது. எழுதிய தைசுகே சாதோ 2017-ல் காலமாகிவிட்டதால் முடியாமலே நின்றுவிட்டது. பெண்களை வரைந்திருக்கும் விதத்துக்காகவே அதை மதுவின் கையில் கொடுக்க மாட்டேன். அதில் ஒரு பெட்ரோல் பங்க் காட்சி. தாகாஷி என்ற மாணவன், பெட்ரோலுக்குப் பணம் வேண்டும் என்று உள்ளே கல்லாவை உடைக்கப் போகிறான். வெளியே ஒருவன் கூட வந்த பெண்ணைக் கத்திமுனையில் பிடித்துக்கொள்கிறான். ஜாம்பியாகிவிட்ட தன் குடும்பத்தையே அடித்துக் கொன்று புத்தி கலங்கிய ஆள் அவன். தாகாஷி அவன் தோளில் சுடுகிறான். சத்தம் கேட்டு ஜாம்பிகள் நெருங்கும்போது, அவனை அப்படியே போட்டுவிட்டு பைக்கில் போய்விடுகிறான். சுட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒருவனை உயிரோடு தின்னவிட்டுப் போன விஷயத்தைக் கதை வேகவேகமாகத் தாண்டிப் போகிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கெட்டது செய்கிற நாயகனோடு என்னால் எவ்வளவு தூரமும் போக முடியும், கணேசா. ஆனால் செய்ததைக் கதை மறக்கக் கூடாது. 'ஸ்கூல் லைவ்' என்று ஒன்று, பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்கு வரைந்தது போல இருக்கும். அதில் குருமி என்ற பெண், தான் நேசித்த சீனியர் ஜாம்பியாகி வந்தபோது பள்ளி மொட்டைமாடியில் கைக்குக் கிடைத்த மண்வெட்டியால் கொன்றுவிடுகிறாள். வேறு வழி இல்லை, யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அதற்கப்புறம் அந்த மண்வெட்டியை அவள் கீழே வைப்பதே இல்லை.

தாகாஷியின் கதையிலேயே இன்னொரு பக்கம் உண்டு. அலிஸ் என்ற சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கெஞ்சுகிறார். கதவு கொஞ்சம் திறக்கிறது, உள்ளேயிருந்து ஒரு கத்தி பாய்கிறது. அவர் அங்கேயே சாகிறார். வீட்டுக்குள் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். அவர்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீ எங்கள் வீட்டில்தான் மாட்டிக்கொண்டாய். காய்ச்சலோடு உள்ளறையில் படுத்திருந்தாய். கீழ்வீடு முழுகி, அவர்களும் நம்மோடு மாடியில் இருந்தார்கள். இரண்டாம் தேதி விடியற்காலையில் எதிர்வீட்டுப் படிக்கட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணி இருக்கா?" கயிற்றில் ஒரு பாட்டிலைக் கட்டிவிட்டிருந்தால் போதும். இல்லை என்று சொல்லிவிட்டேன். போர்வைக்கு அடியில் ஒரு முழுக் கேன் இருந்தது. நம் வீட்டில் எட்டுப் பேர், எத்தனை நாள் ஆகுமோ என்று கணக்குப் போட்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, உனக்கு மாத்திரை போட அந்தக் கேனிலிருந்துதான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

மத்தியானம் படகு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 'இல்லை' என்று சொன்னபோது அது எனக்குத் தெரியாது.

ஹிடியோவின் பின்னாலேயே 22 பாகம் போனதற்குக் காரணம் இதுதான். அவன் கெட்டவன் இல்லை. கணக்குப் போடுகிறவன், தயங்குகிறவன், அதனால் நேரத்தைத் தவறவிடுகிறவன். கடைசியில் காலியாகிக் கிடக்கும் டோக்கியோவில் அவன் தனியாக வாழ்கிறான். ஹனசாவா அதைத் தண்டனையாகவும் காட்டவில்லை, பரிசாகவும் காட்டவில்லை. நிறைய பேருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை என்று மது சொன்னாள். எனக்கு அதைவிட நேர்மையான முடிவு தோன்றவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான். யாரெல்லாம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் இரண்டிரண்டு பாகமாகச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். முதல் புத்தகத்தை அடுத்த வாரம் ஊருக்கு வரும் மைத்துனனிடம் கொடுத்தனுப்புகிறேன். முதல் பாகம் முக்கால்வாசி வரை அவனுடைய அன்றாடப் பாடுதான், ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பொறுமையாகப் படி. காதலியின் வீட்டுக் கதவில் கடிதம் போடும் துளை வழியாக அவன் உள்ளே எட்டிப் பார்க்கிற இடம் வரும். அதைப் படித்ததும் எனக்கு ஃபோன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி. அந்தத் தண்ணீர் கேனைப் பற்றி என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினாலும் அப்போதே திட்டிவிடு.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி