ரெண்டு பேரும் சேர்ந்து போங்கள்

சுங்கை சிப்புட், மலேசியா

தம்பிக்கு அப்பா எழுதுவது.

போனில் பேசினால் "சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய். வாட்சப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழும், பதில் வராது. அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மற்ற செய்தியெல்லாம் பிறகு.

மருமகளுக்குச் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்ததில் ரெண்டு பக்கமும் கருக்குழாய் அடைப்பு என்று வந்ததாம். நீ வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சில்லை. உன் அத்தை வந்து என்ன பேசிவிட்டுப் போனாள் என்பதை எழுத மனமில்லை, நீயே ஊகித்துக்கொள். அம்மா கல்லுமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறாள். எடுக்கட்டும். நான் என்றைக்குத் தடுத்தேன்?

ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். குழாய் அடைப்புக்குப் பல காரணம் உண்டு. வயிற்றுக்குள் வந்த காசநோய், வெடித்த குடல்வால், கருப்பையின் உள்சவ்வு போன்றது வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் எதுவாகவும் இருக்கலாம். இவற்றைவிட அதிகமாகக் காண்பது இடுப்புக்குள் ஏறிய தொற்று. அதில் முன்னால் நிற்பது கிளமிடியா, உடலுறவில் தொற்றும் கிருமி. பெயரை எழுதிவிட்டேன், இனி எழுதுவது சுலபம்.

அப்பாயியின் கண் உனக்கு ஞாபகம் இருக்கும். இமை உள்பக்கம் மடங்கி, முடி கருவிழியில் உரசி, கடைசியில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. டிரக்கோமா. அதுவும் இதே கிருமிதான், வகை மட்டும் வேறு. 1907இல் ஜாவாவில், இதோ நமக்குப் பக்கத்தில், ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற ரெண்டு பேர் டிரக்கோமா நோயாளிகளின் கண்ணில் சுரண்டி எடுத்ததை ஒராங் ஊத்தான் கண்ணில் தடவிப் பார்த்துத்தான் இந்தக் கிருமியின் தடத்தை முதலில் கண்டார்கள். உயிருள்ள செல்லுக்குள் புகுந்துதான் பெருகும் என்பதால் ரொம்ப காலம் வைரஸ் என்றே நினைத்தார்கள். பாக்டீரியா என்று உறுதியானது 1960களில். கண்ணிலும் சரி, குழாயிலும் சரி, கிருமியை எதிர்த்து உடம்பு கிளப்பும் வீக்கம் திரும்பத் திரும்ப வந்து தழும்பாகிறது. கெடுப்பது அந்தத் தழும்பு. அப்பாயியின் கண்ணுக்காக நம் வீட்டில் யாரும் வெட்கப்படவில்லை. இதற்கு மட்டும் ஏன் வெட்கம்?

இதில் பொல்லாதது என்னவென்றால் சத்தமே காட்டாது. பெண்களில் பெரும்பாலோருக்கும் ஆண்களில் பலருக்கும் ஓர் அறிகுறியும் இருக்காது. எரிச்சல் இல்லை, வலி இல்லை, மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். 2020இல் மட்டும் உலகில் 12 கோடியே 90 லட்சம் பேருக்குப் புதிதாக வந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அத்தனை பேரும் கெட்டுப்போனவர்களா?

நீ கிள்ளானில் இருந்த வருஷங்களைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. எந்தப் பரிசோதனையும் இது எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லாது. ஆகவே அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்காதே. கேட்டுவிட்டாயோ என்றுதான் எனக்குப் பயம். போனில் அதன் குரல் சரியாக இல்லை.

பாசிர் கூடாங்கில் என் மகன் ஒரு ஷிப்டையே நடத்துகிறான் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய ஆள், ஒரு போத்தலில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க மானம் போய்விடுமா? ஆணுக்கு அவ்வளவுதான் பரிசோதனை. ஒரு மணி நேரமாவது சிறுநீர் போகாமல் இருந்து, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும். அரசாங்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்து கேட்டுப்பார். அங்கே செய்யவில்லையென்றால் தனியார் லேப். ரெண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

இருக்கிறது என்று வந்தால் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஏழு நாள். தண்ணீரோடு விழுங்கு, பால் கலந்த மைலோவோடு வேண்டாம். விழுங்கியதும் படுக்காதே, உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அந்தப் பிள்ளை முதலிலேயே டாக்டரிடம் சொல்லட்டும், வேறு மருந்து உண்டு. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து மறுபடி தொற்றிக்கொள்ளும். ஒரு தடவை வந்தால் திரும்ப வராது என்பதெல்லாம் இதில் கிடையாது. மருந்து முடியும்வரை தள்ளி இருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். இதையும் ரெண்டு பேரும் சேர்ந்து. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே, நீ ஒரு தடவையில் கேட்கிற பிள்ளையா?

விழுந்த தழும்பை மருந்து அழிக்காது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இப்போது கிருமி இல்லையென்று வந்தாலும் பழைய தொற்று செய்த வேலையாக இருக்கலாம். முன்னாலேயே பிடிப்பதுதான் நல்லது. அமெரிக்காவில் சியாட்டலில் ஆபத்து அதிகமுள்ள இளம்பெண்களைத் தேடிப் பரிசோதித்து மருந்து கொடுத்ததில், ஒரே வருஷத்தில் இடுப்புத் தொற்று பாதிக்கும் மேல் குறைந்தது. 1996இல் வந்த ஆய்வு. இங்கே நம் பிள்ளைகளிடம் கல்யாணத்துக்கு முன் ஜாதகம் கேட்கிறோம், இதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

குழாய் அடைத்தால் எல்லாம் முடிந்தது என்று அத்தை சொல்கிறாள். 1978இல் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தையின் தாய்க்கும் குழாய்தான் அடைப்பு. அப்படிப்பட்டவர்களுக்காகக் கண்ட வழிதான் அது. செலவு ஆகும், ஒரே தடவையில் பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. என் சேமநிதிப் பணம் கொஞ்சம் சும்மாதான் கிடக்கிறது. அதைப் பற்றி அம்மாவிடம் பேசிவிட்டேன், நீ மறுத்துப் பேசாதே.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்தப் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி வந்தால், கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம்; காலையில் பார்க்கலாம் என்று இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. சின்னம்மாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு அத்தையும் வருகிறாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன், மருமகளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன். மருந்து ஆரம்பித்திருந்தால் ஏழு நாளையும் முடித்துவிட்டுப் புறப்படுங்கள். பஸ்ஸில் வராதே, காரை எடுத்து வா. பதில் எழுத வேண்டாம், லேபுக்குப் போன அன்று ஒரு போன் மட்டும் போடு.

அப்பா