'எரர் காசு' என்று விற்ற 50 சென், 20 சென் பற்றிய புகார்

அனுப்புநர்: நாணயச் சேகரிப்பாளர்கள், சுங்கை சிப்புட், பேராக்
பெறுநர்: விற்பனைப் பிரிவு மேலாளர்
பொருள்: 180 ரிங்கிட்டைத் திருப்பிக் கோருதல்

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய இரண்டு செம்பருத்தி வரிசைக் காசுகளை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். நாணயச்சாலையில் தயாராகும்போதே பிழை நேர்ந்த 'எரர் காசு' என்று உறைமேல் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிழை இரண்டிலும் இல்லை.

50 சென் காசின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு குறைகிறது. உருவம் பதியாத வெற்று வில்லையாக இருந்தபோதே அது குறைந்துவிட்டது என்கிறீர்கள். 9.33 கிராம் இருக்க வேண்டியது 8.9தான் இருக்கிறது என்பதையே நீங்கள் சான்றாகக் காட்டுகிறீர்கள். அரத்தால் ராவினாலும் எடை குறையத்தான் செய்யும். பார்க்க வேண்டியது வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பை. அச்சடிக்கும் முன் வெற்று வில்லையை உருட்டி நெருக்கித்தான் விளிம்பை எழுப்புவார்கள். வில்லையில் ஏற்கெனவே துண்டு குறைந்திருந்தால் எதிர்ப்பக்கம் அழுத்தம் விழாது, விளிம்பு மெலிந்துவிடும். இதிலோ அந்த இடம் முழுக் கனத்தோடு நிற்கிறது. உண்மையான எல்லாப் பிழைக்காசிலும் இந்த மெலிவு தெளிவாகத் தெரியாது என்பதால் வெட்டையும் பார்த்தோம். உண்மையான பிழைக்காசில் வெட்டை ஒட்டிய எழுத்துகள் உலோகம் இழுபட்டு விரிந்து மங்கும். இதில் 'மலேசியா'வின் கடைசி எழுத்து கத்தி வைத்ததுபோல் பாதியில் அறுந்திருக்கிறது. பத்து மடங்கு லென்சில் அரக்கோடுகள் வரிசையாகத் தெரிகின்றன. காசு முழுக்கக் கறுத்திருக்க, வெட்டு மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. அண்மையில் ராவியது.

20 சென்னில் ஆண்டு எண் 'டபுள் டை' என்கிறீர்கள். காசை அடிக்கும் அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்திருந்தால் இரண்டு உருவமும் உருண்டு மேலெழும்பி, எண்ணின் முனைகள் பிளந்து நிற்கும். இங்கே எண்ணை ஒட்டித் தட்டையான ஒரு படி மட்டும் இருக்கிறது, எண்ணும் மெலிந்துவிட்டது. தளர்ந்த அச்சு அடித்த கையோடு நகர்ந்து தேய்த்த தடம் இது. சில்லறையில் சாதாரணமாகக் கிடைக்கும், இதற்குத் தனி விலை கிடையாது.

எங்கள் வட்டாரத் தோட்டங்களில் உண்டியலைக் கொட்டித் தேடும் பிள்ளைகள் பலர். உங்கள் படங்களைப் பார்த்துத்தான் எது பிழை என்று பழகுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறோம்.

14 நாள்களுக்குள் 180 ரிங்கிட்டையும் தபால் செலவையும் திருப்பித் தர வேண்டும். இரண்டு விளம்பரங்களையும் நீக்க வேண்டும். இல்லையேல் 5 ரிங்கிட் கட்டி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதலாம் பாரத்தை (கோரிக்கை மனுவை) தாக்கல் செய்வோம். வெட்டு முகம், எதிர்விளிம்பு, ஆண்டு எண் மூன்றின் பெரிதாக்கிய படங்களும் ரசீது நகலும் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சேகரிப்பாளர்கள்