துறைமுகத்துக்குப் போன துப்பறியும் தொடர்

ஆசிரியர் அவர்களுக்கு,

குற்றத் தொடர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘தி ஒயர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் விடுபட்டது வருத்தமே. அதன் இரண்டாம் சீசனின் முதல் எபிசோடை (2003) மட்டுமாவது வாசகர்கள் பார்க்க வேண்டும்.

முதல் சீசன் அமெரிக்க நகரமான பால்டிமோரின் போதைமருந்துத் தெருக்களில் நடந்தது. இதிலோ கதை நேராகத் துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. மேலதிகாரியைப் பகைத்துக்கொண்ட கதாநாயகன், துப்பறியும் போலீஸ்காரர் மெக்நல்டி, படகு ரோந்தில் கிடக்கிறார். தண்ணீரில் ஒரு பெண்ணின் சடலம் மிதக்கிறது. ‘எங்கள் எல்லை இல்லை’ என்று அந்த மேலதிகாரி தட்டிக்கழிக்க, மெக்நல்டி கடல் ஓத (நீரின் ஏற்ற இறக்க) அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டு, அது அவர்கள் எல்லைதான் என்று காட்டி, வழக்கை அவர் தலையிலேயே கட்டிவிடுகிறார். துப்பறிவதென்றால் இதுதான்!

அப்புறம் அந்தக் கண்ணாடி ஜன்னல் தகராறு. தேவாலயத்துக்கு யார் கொடுத்த ஜன்னலை வைப்பது என்று ஒரு போலீஸ் அதிகாரிக்கும் தொழிற்சங்கத் தலைவர் சொபோட்காவுக்கும் முட்டிக்கொள்கிறது. வேலை குறைந்துவரும் ஒரு துறைமுகத்தின் சங்கத்துக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விதான் சீசனையே நகர்த்துகிறது.

எபிசோடின் கடைசியில் ஒரு கன்டெய்னருக்குள் 13 பெண்களின் சடலங்கள். அதைக் கண்டுபிடிப்பவர் கதாநாயகன் அல்ல, துறைமுகக் காவலர் பீடி ரஸ்ஸல். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோரில் பத்திரிகை நிருபராக இருந்தவர். அந்த அனுபவம் காட்சிக்குக் காட்சி தெரிகிறது.

— ஒரு வாசகர், திருச்சி