எலும்பு நலிவும் இடையில் நிறுத்தப்படும் குளிசைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் வயதான பெண்கள் சிலர், எலும்பு நலிவுக்கு, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்க்கு, வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிசையை இடையில் நிறுத்திவிட்டு, குரக்கனும் முருங்கையிலையும் போதும் என்றிருப்பது மிகுந்த கவலை தருகிறது. குரக்கன் நல்ல உணவுதான். 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. நெத்தலி, தயிர், வெயில், நடை ஆகியவையும் அவசியமே. ஆனால், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் குறைவதால் விரைவுபடும் எலும்புக் கரைவைக் கல்சியம் மட்டும் தடுத்துவிடாது. சாதாரணமாகத் தடுக்கி விழுந்ததிலேயே எலும்பு முறிந்தவருக்கு மருந்து தேவைப்படும் என்பதே என் உறுதியான கருத்து.

குளிசையைக் கைவிடப் பெரும்பாலும் காரணமாவது நெஞ்செரிவு. எலும்பு நலிவுக்கு வாரமொருமுறை எடுக்கும் அலெண்ட்ரோனேற் என்ற குளிசையைக் காலையில் வெறுவயிற்றில், ஒரு குவளை நிறைந்த வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமலும் எதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும் என்பதைக் கிளினிக்குகளில் ஆறுதலாக விளக்கினால், பலர் அதைத் தொடர்வார்கள். தேநீரோடு விழுங்கிவிட்டு உடனே பாயில் சாய்ந்தவர்களை நான் அறிவேன். சிறுநீரகம் வெகுவாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இக்குளிசை ஏற்றதல்ல. சிறுநீரக நோய் பரவலாகவுள்ள வவுனியாப் பகுதியில், மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்வதை வைத்தியர்கள் உறுதிப்படுத்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
மாங்குளம்.