செயலாளர் ஆண்டறிக்கை: நாளைக்கு ரெண்டு குளிசை

தலைவர் அவர்களுக்கும், கொழும்பின் கொட்டாஞ்சேனை, வாழைத்தோட்டம், கொம்பனித்தெரு என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம், ஸலாம், ஆயுபோவன்.

போன முறை அறிக்கை நீண்டு தேநீர் ஆறிப்போனது என்று சிலர் குறைப்பட்டீர்கள். ஆகவே கூட்ட விவரத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் 11 நடந்தது, ஒன்று மழையில் நின்றது. கூட்டக் குறிப்புகள் அலுமாரியில் இருக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற தாதியரும் மருத்துவமாதுகளும், கூடவே அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் சேர்ந்த சங்கம் இது. நாம் மருந்து கொடுப்பதில்லை. அதற்கு அரசாங்கக் கிளினிக் இருக்கிறது, மாநகர சபையின் மருத்துவமாது இருக்கிறார். அங்கே போகாமல் வீட்டில் இருக்கிற ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை. ஏன் போகவில்லை, போனவர் ஏன் பாதியில் விட்டார் என்று விசாரித்ததில் கிடைத்த கதைகள்தான் இந்த ஆண்டின் வரவு.

ஜிந்துப்பிட்டியில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு பாட்டி, மலையகத்திலிருந்து வந்தவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மருந்து கொடுத்தவர் சிங்களவர். பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்ற நல்ல மனதோடு “நாளைக்கு ரெண்டு” என்றிருக்கிறார். பாட்டி மறுநாள் இரண்டு குளிசை போட்டார். அதற்கடுத்த நாள் போடவில்லை. நாளைக்கு என்று சொன்னது முடிந்துவிட்டதே! மாதக் கடைசியில் பை நிறையக் குளிசை மிஞ்சியிருந்ததைப் பார்த்த நம் உறுப்பினர் கொப்பியில் “மறதி” என்று எழுதி வைத்தார். நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். இன்னொரு நாள் ஆறுதலாக உட்கார்ந்து பேசியபோதுதான் பாட்டி சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார் என்று தெரிந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. குளிசைப் பை வரைக்கும் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பையின் மேல் சூரியன், சந்திரன், சோற்றுக் கோப்பை என்று படம் வரைகிறோம். வரைந்துவிட்டு, “எப்படிப் போடுவீங்க, எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கம்மா” என்று கேட்கிறோம். விளங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள். கொழும்பில் மூன்று மொழிக்காரரும் அதற்கு ஒரே மாதிரித்தான் தலையாட்டுவார்கள்.

அப்புறம் புறக்கோட்டை. மூட்டை தூக்கும் நாட்டாமிமாருக்குப் பிரஷர் பார்ப்பதென்று ஆண்டுத் தொடக்கத்தில் முடிவெடுத்தோம். 35 வயது தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பிரஷரும் சீனியும் பார்க்க அரச நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் வேலை நாளில் அங்கே போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். விடுமுறைதானே என்று பௌர்ணமிப் போயா தினத்தில் மேசை போட்டோம். ஒருவரும் வரவில்லை. கடை பூட்டிய நாளில் மனிதன் தூங்குவானா, எங்களைத் தேடி வருவானா? பிறகு வேலை நாளில், லொறி இறக்கி முடித்துச் சோறு தின்னப் போகும் நேரத்தில் போனோம். கூட்டம் வந்தது.

அங்கே நாம் செய்த பிழையையும் பதிவுசெய்ய வேண்டும். மூட்டை இறக்கிய கையோடு பிரஷர் பார்த்தோம். 140க்கு 90 தாண்டியவர்கள் ஏராளம். துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினோம். அதில் சிலர் ஒரு நாள் கூலியை விட்டுக் கிளினிக்குக்குப் போக, பிரஷர் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெட்கமாகப் போயிற்று. ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும் என்பது நாம் வார்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். போதாததற்கு நம் மிஷினின் கைப்பட்டி சாதாரண அளவு. மூட்டை தூக்கித் திரண்ட கையில் சின்னப் பட்டியைச் சுற்றினால் பிரஷர் கூட்டித்தான் காட்டும். அந்தத் தம்பிமாரிடம் அடுத்த முறை நேரே மன்னிப்புக் கேட்டோம்.

உப்பு விஷயத்திலும் கேள்வியை மாற்றினோம். “உப்பு கூடச் சேர்ப்பீங்களா?” என்றால் எல்லாரும் இல்லை என்பார்கள். “கருவாடு எத்தனை நாள்? மாசிச் சம்பல்? அச்சாறு?” என்று கேட்டால் கணக்கு வேறு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

கடை மாடியில் பலரோடு படுக்கும் ஒரு தம்பிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். சளி சோதிக்கப் போனால் படுக்கிற இடம் போய்விடும் என்ற பயம். காசநோய் மருந்து இலவசம், ஆறு மாதம் விடாமல் குடித்தால் குணமாகும், மருந்து ஒழுங்காக வேலை செய்தால் சில வாரங்களிலேயே தொற்றுவது நின்றுவிடும் என்று அவருக்கும், அவர் கேட்டுக்கொண்டபடி முதலாளிக்கும் நம் உறுப்பினர் எடுத்துச் சொன்னார். இதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே எழுதுவது முறையல்ல.

மே 12, நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாளில், வழக்கம்போல விளக்கேற்றினோம். எங்கள் மூத்த மிஸ் மட்டும் அன்று வேறு ஒருவரைப் பற்றிப் பேசினார். மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்கத் தாதி. ஒரே கவனிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தவில்லை என்று வேலையில் கண்டு, பப்புவா நியூகினி மலைக் கிராமங்களில் போய்த் தங்கி மானிடவியல் படித்தவர். ஒரு குடும்பத்தின் வழக்கத்தைக் கண்டால் தாதிக்கு மூன்று வழி இருக்கிறது என்பது அவர் கருத்து: அப்படியே விடுவது, பேசிச் சற்று மாற்றிக்கொள்வது, வேறு வழி காட்டுவது. மிஸ் இதைப் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொண்டுவந்தார். சரக்குக் கறி, பத்தியச் சோறு இருக்கட்டும், தாய்க்கு ருசியாகவும் இருக்கும். தண்ணீரைக் குறைக்கிறார்களா, பாட்டியோடு பேசி ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணீராவது பக்கத்தில் வைக்கச் செய்யுங்கள். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுத் தேனோ சீனித் தண்ணீரோ தொட்டு வைக்கப் போனால் மட்டும் விடாதீர்கள். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால்தான். தேன் ஒரு வயது வரைக்கும் ஆகாது. அன்று ஒருவரும் கைத்தொலைபேசியைப் பார்க்கவில்லை.

நோன்புக்கு முன் வாழைத்தோட்டத்தில் நடந்த கூட்டமும் நல்ல கூட்டம். பேசியது நம் முஸ்லிம் சகோதரியும் ஒரு மௌலவியும். நான் தண்ணீர் போத்தல் அடுக்கினேன், அவ்வளவுதான். விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது என்று மௌலவி வாயால் கேட்டதும் பல பெண்களுக்குப் பெரிய ஆறுதல். சீனி 70க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும், விட்ட நோன்பைப் பிறகு கழாச் செய்யலாம், அதாவது வேறு நாளில் பிடிக்கலாம் என்றார். இன்சுலின் போடுகிறவர்கள் நோன்பு தொடங்கும் முன்னரே டொக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சகோதரி சொன்னார். இதையே நான் சொல்லியிருந்தால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.

டெங்கு பற்றி எல்லா ஆண்டும் எழுதுவதுதான். இலங்கையில் 2017இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நுளம்பு முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் விட்ட நாளில் வயிற்று நோவு, விடாத வாந்தி என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் நின்று பல வாரமாகியும் திருத்தவில்லை. மேல் மாடியில் காலில் புண்ணோடு இருக்கும் ஐயாவுக்கு மருந்து கட்டப் படியேறிப் போன இரு அக்காமாருக்கும் சங்கத்தின் நன்றி. இருவருக்கும் முழங்கால் நோவு என்பது உங்களுக்குத் தெரியும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். அதில் பெரிய அளவுக் கைப்பட்டி இரண்டு வாங்க ஒரு தொகை கேட்டிருக்கிறோம். தயவுசெய்து வெட்டாதீர்கள். சங்கத்தின் மூன்று பிரஷர் மிஷினில் ஒன்று ஆவணியிலிருந்து காணவில்லை. யாருடைய வீட்டில் இருக்கிறதோ அவர் தேநீர் இடைவேளையில் என் காதோடு சொன்னால் போதும், குறிப்பில் எழுத மாட்டேன்.